கொடைப் பந்தலும் எட்டு நிமிட மேடையும்

நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ அறுவடை முடிந்து, பங்குனியிலும் சித்திரையிலும் ஊர்க் கோயில்களில் கொடை விழா நடக்கும். அதே வாரங்களில் அமெரிக்காவில் ‘ஒடிசி ஆஃப் தி மைண்ட்’ என்னும் மாணவர் போட்டியின் மாநிலச் சுற்றுகள் நடக்கின்றன. இங்கே வில்லுப்பாட்டுக் குழுவான வில்லு செட்டு ஒன்று பந்தலில் அமர்ந்து, சுடலைமாடன் கதையையோ முத்தாரம்மன் கதையையோ இரவு முழுக்கப் பாடுகிறது. அங்கே ஏழு பேருக்கு மிகாத மாணவர் அணி ஒன்று, தானே செய்த கருவிகளோடும் தானே எழுதிய நாடகத்தோடும் மேடையேறி, கொடுத்த புதிருக்கு எட்டே நிமிடத்தில் விடை நிகழ்த்திவிட்டு இறங்குகிறது. ஒன்று வழிபாடு, மற்றொன்று போட்டி. ஒன்றில் பாடுவோர் தலைமுறைத் தொழில் பழகியவர்கள், மற்றொன்றில் ஆடுவோர் பள்ளிப் பிள்ளைகள்.

இவ்வளவு தொலைவில் நிற்கும் இரண்டையும் ஒரே பலகையில் வைத்துப் பார்க்கத் தூண்டுவது பருவப் பொருத்தம் அல்ல. முழுதாக முன்கூட்டி அறிய முடியாத ஒரு மேடைக்கு ஒரு குழு தன்னை எப்படி ஆயத்தம் செய்துகொள்வது என்ற கேள்விக்கு இரண்டும் விடை தேடியிருக்கின்றன. விடைகள் சில இடங்களில் எதிரெதிராகவும், சில இடங்களில் வியக்கும் அளவுக்கு ஒன்றாகவும் இருக்கின்றன.

முதலில் கருவிகளைப் பார்ப்போம். நியூ ஜெர்சியின் கிளாஸ்பரோ மாநிலக் கல்லூரியில் தொழில்வடிவமைப்பு கற்பித்த சாமுவேல் மிக்லஸ், சக்கரம் இல்லாத வண்டியைச் செய், நீரைக் கடக்கும் மிதவையைச் செய் என்று மாணவர்களுக்கு வேலை கொடுத்தவர். ஓடியதா, மிதந்ததா என்பதைவிட எவ்வளவு துணிந்து யோசித்தார்கள் என்பதற்கே மதிப்பெண் தந்தார். அந்த வகுப்பறையிலிருந்துதான் 1978ஆம் ஆண்டு 28 பள்ளிகளோடு இந்தப் போட்டி பிறந்தது. இன்றும் அதில் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. புதிருக்குப் புதிர் அந்த வரம்பு மாறும். பழைய பொருளைப் பயன்படுத்தினால் பழைய சாமான் விலையையே கணக்கில் எழுதலாம். ஆகவே அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் குழாய், கிழிந்த திரைச்சீலை, உடைந்த மின்விசிறி எல்லாம் அங்கே மதிப்புள்ள சரக்குகள். ஒரு பொருள் இரண்டு வேலை செய்தால் அது பெருமைக்குரியது.

இந்த அளவுகோலைக் கொண்டு நம் வில்லைப் பார்த்தால் அது வேறு விதமாகத் தெரிகிறது. வேட்டைக்கும் போருக்கும் உரிய ஆயுதம் ஒன்று, வீட்டில் தண்ணீர் வைக்கும் மண்குடம் ஒன்று. குடத்தைச் சாய்த்து வைத்து, வில்லின் வளைவை அதன் கழுத்தோடு சேர்த்துக் கட்டினால் நாண் மேலே வருகிறது. நாணில் வீசுகோல் விழும்போது வில்லில் தொங்கும் மணிகள் சேர்ந்து ஒலிக்கின்றன. குடக்காரர் ஒரு கையில் விசிறி போன்ற தட்டையான பத்தியால் குடத்தின் வாயில் அடிக்கிறார். உள்ளே அடைபட்ட காற்று அதிர்ந்து, ஆழமான ஒரு ‘தொம்’ எழுகிறது. மற்றக் கை குடத்தின் உடலைத் தட்டி மெல்லிய ஒலியை எடுக்கிறது. தாங்கும் பீடமும் அதிரும் முழவும் ஒரே குடம். வில்லை அசையாமல் நிறுத்துவதும் தாளத்தைக் காப்பதும் ஒரே ஆளின் பொறுப்பு. செலவு குறைவு, பொருள் உள்ளூர்ப் பொருள், உழைப்பு இரட்டை. மிக்லஸின் வகுப்பில் யாராவது இதைக் கொண்டுவந்து வைத்திருந்தால் அவர் நெடுநேரம் அதன் அருகே நின்றிருப்பார் என்றே நினைக்கிறேன்.

வேறுபாடும் இங்கேயே தொடங்குகிறது. மாணவர் அணி தன் கருவியை ஒருமுறைக்காகச் செய்கிறது. மறு ஆண்டுப் புதிர் வேறு, கருவியும் வேறு. வில்லு செட்டோ பல தலைமுறைக்கு முன் கண்ட விடையை மாற்றாமல் வைத்துக்கொண்டு, அதிலிருந்து இன்னும் என்ன எடுக்கலாம் என்று பார்க்கிறது. அங்கே புதுமை கருவியில், இங்கே புதுமை கருவியைக் கையாள்வதில்.

விதிகள் பற்றிய பொதுக்கருத்து ஒன்று இரு பக்கமும் தவறிப்போகிறது. படைப்பாற்றல் போட்டி என்றால் எதையும் செய்யலாம் என்று நினைப்பவர்கள், ஒடிசியின் புதிர்த்தாளைப் படித்தால் திகைப்பார்கள். இன்ன பாத்திரம் வேண்டும், இன்ன செயல் இத்தனை முறை நிகழவேண்டும், மேடையின் அளவு இது, எடை இது என்று பக்கம் பக்கமாகக் கட்டுப்பாடு. பால்சா மரக்குச்சிகளையும் பசையையும் மட்டுமே கொண்டு ஏறத்தாழ 15 கிராம் எடையில் ஒரு கட்டுமானம் செய்து, அதன்மேல் நூற்றுக்கணக்கான கிலோ எடையை ஏற்றிக் காட்ட வேண்டிய புதிரும் இதில் உண்டு. அதிலும், எடை ஏற்றுவதை ஒரு கதைக்குள் பொருத்தியாக வேண்டும். வில்லுப்பாட்டுக்கும் இத்தகைய சட்டகம் இருக்கிறது. காப்பு விருத்தம், வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம், பிறகு கதை, இறுதியில் வாழி. செட்டின் தலைமைப் பாடகரான அண்ணாவி எவரும் இதை மீறுவதில்லை. ஆனால் நாட்டுவளத்தில் எந்த ஊரின் வயலையும் குளத்தையும் பாடுவது, கதையின் எந்தக் கிளையை விரிப்பது, எங்கே ஊர்க்காரர் சிரிக்க ஒரு பேச்சைச் செருகுவது என்பதெல்லாம் அவர் கையில். கட்டுப்பாடு மிகுந்த இடத்தில்தான் தனி முத்திரை தெளிவாகத் தெரியும் என்பதை இரண்டு மரபும் அறிந்திருக்கின்றன.

நேரத்தைக் கையாள்வதில் இரண்டும் எதிர்முனைகள் என்றுதான் எவரும் சொல்வார்கள். எட்டு நிமிடம் எங்கே, ஓர் இரவு எங்கே? அந்த எட்டு நிமிடத்துக்குள்ளேயே மேடையை அமைப்பதும் அடங்கும். அணிகள் மாதக்கணக்கில் நிறுத்துகடிகாரத்தை வைத்துப் பழகுகின்றன. பொருளை யார் முதலில் தூக்குவது, எந்த வரியை விட்டால் இருபது நொடி மிச்சமாகும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். வில்லு செட்டுக்கு இந்தக் கவலை இல்லை என்று தோன்றும். உண்மையில் அதற்கு இதைவிடக் கடினமான கடிகாரம் ஒன்று உண்டு. உச்சிக் கொடைக்கும் சாமக் கொடைக்கும் பூசை நேரம் இருக்கிறது. கதையின் உச்சம் அந்தப் பூசையோடு சேரவேண்டும். தெய்வம் கொலையுண்ட இடமோ வரம் பெற்ற இடமோ பாடப்படும்போது, சாமி இறங்கும் கோமரத்தாடி ஆடி வரவேண்டும். படையல் தயாராகவில்லை என்றால் அண்ணாவி கதையை நீட்டுவார், பூசாரி கண் காட்டினால் நான்கு அடியில் சுருக்குவார். கேட்பவருக்கு நீட்டியதும் தெரியக்கூடாது, சுருக்கியதும் தெரியக்கூடாது. கடிகாரம் பார்த்து எட்டு நிமிடத்தில் முடிப்பது ஒரு திறமை. எப்போது வரும் என்று தெரியாத கணத்தைச் சரியாகச் சந்திப்பது அதற்கு மூத்த திறமை.

1970களின் இறுதியில் இந்த வட்டாரத்தில் தங்கி வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டுவர்ட் பிளாக்பர்ன், 1988இல் வெளிவந்த தம் நூலில் பிறப்புக் கதைகள், இறப்புக் கதைகள் என்று இரு வகையைப் பிரித்துக் காட்டி, சடங்கோடு சேரும்போது நிகழ்த்துதல் எப்படி மாறுகிறது என்று விளக்கினார். அவர் எழுதியதில் என் கவனத்தை அதிகம் இழுத்தது, பாட்டு ஏட்டிலும் நோட்டுப் புத்தகத்திலும் எழுதிக் காக்கப்பட்டது என்ற செய்தி. பாடும் வரிகள் பெரும்பாலும் நிலையானவை. வரிகளுக்கு இடையே வரும் வசனத்தில்தான் அண்ணாவியின் சுதந்திரம் விரிகிறது. இந்தப் பகுப்பு அப்படியே ஒடிசியிலும் இருக்கிறது. அங்கே மொத்த மதிப்பெண் 350. அதில் 200 மாதக்கணக்கில் தயாரித்த நெடுநாள் புதிருக்கு, 50 மெருகுக்கு. மீதி 100, அறைக்குள் நுழைந்த பிறகே தெரியவரும் உடனடிப் புதிருக்கு. ஒரு சாதாரணப் பொருளைக் காட்டி அதற்குப் புதுப்புதுப் பயன்களைச் சொல்லச் சொல்வார்கள். அல்லது சில குச்சிகளையும் நூலையும் கொடுத்து ஒரு பாலம் கட்டச் சொல்வார்கள். எல்லோரும் சொல்லக்கூடிய விடைக்கு ஒரு மதிப்பெண், எதிர்பாராத விடைக்குப் பல மதிப்பெண். என்ன கேட்டார்கள் என்று வெளியே வந்து சொல்லவும் தடை.

அமெரிக்கப் போட்டி எழுதியதையும் எழுதாததையும் இரண்டு அறைகளாகப் பிரித்துவிட்டது. வில்லுப்பாட்டில் அவை ஒரே மூச்சில் பின்னிக் கிடக்கின்றன. இந்த வேறுபாடு சிறியதல்ல. பிரித்ததால் மதிப்பிடுவது எளிதாயிற்று. எந்தப் பிள்ளை தயாரித்ததில் வல்லவர், எந்தப் பிள்ளை உடனடியாக யோசிப்பதில் வல்லவர் என்று பார்த்துச் சொல்லலாம். பிரிக்காததால் வில்லுப்பாட்டில் வேறொரு வளம் வந்தது. மனப்பாடமான வரியிலிருந்து நழுவி, அந்தக் கணத்தின் பேச்சுக்குப் போய், மீண்டும் தாளம் தப்பாமல் வரிக்குத் திரும்பும் பாதையே கலையாகிவிட்டது.

அந்தப் பாதையில் அண்ணாவிக்குத் துணை நிற்பவர் இடப்பக்கத்தில் இருப்பவர். அண்ணாவி உள்ளிட்ட வலப்பக்கத்தார் பாடுவதை வாங்கிப் பாடுவதும், வசனத்தின்போது ‘ஆமா’ போடுவதும் இடப்பக்கத்தார் வேலை. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது எடுபிடி வேலையாகத் தெரியலாம். ஒரு கொடையில் இடப்பக்கத்தை மட்டும் ஒரு மணி நேரம் கவனித்துப் பாருங்கள். ‘ஆமா’ ஒரே மாதிரி விழுவதில்லை. அண்ணாவி சொல்ல வந்ததை மறந்து தயங்கினால் அது கொஞ்சம் நீண்டு அவருக்கு அவகாசம் தரும். கூட்டம் அசந்தால் ‘ஆமா’வோடு ஒரு குறும்புக் கேள்வி சேர்ந்து வரும், அண்ணாவி அதற்கு விடை சொல்லச் சொல்லக் கூட்டம் நிமிரும். சோகமான இடத்தில் அது வெறும் மூச்சாகச் சுருங்கும். மின்சாரம் போய் ஒலிபெருக்கி அடங்கினால் குடமும் தாளமும் அரை நொடியில் ஓங்கி எழுந்து, வெற்றுக்குரலைத் தாங்கிப் பிடிக்கும். யாரும் யாருக்கும் கட்டளை இடுவதில்லை. ஒருவர் மற்றவரை இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருப்பதால்தான் இது கூடுகிறது.

ஒடிசி அணிகளைப் பயிற்றுவிப்போர் உடனடிப் புதிருக்குத் தயார் செய்யும் முறையைப் பார்த்தால், அவர்களும் சுற்றி வளைத்து இதே இடத்துக்கு வந்திருக்கிறார்கள். கேள்வியை முன்கூட்டி அறிய முடியாது. ஆகவே விடைகளைச் சேர்த்து வைத்துப் பயனில்லை. அடுத்தவர் சொன்னதைக் கேட்டு, அதன்மேல் ஏறி நின்று தன் விடையைச் சொல்லப் பழகவேண்டும். ஒருவர் தடுமாறினால் அணி முழுவதும் அங்கேயே நின்றுவிடும். அப்போது மற்றவர் முகம் சுளிக்காமல் காத்திருக்கப் பழகவேண்டும். இரு மரபிலும் தயாரிப்பின் சாரம் பேசுவதில் இல்லை, கேட்பதில் இருக்கிறது. இவ்விரண்டையும் ஒப்பிட்டதில் எனக்குக் கிடைத்த பெரிய ஆச்சரியம் இதுதான்.

இனி, இரண்டும் கடுமையாக முரண்படும் இடம். ஒடிசியில் வெளியார் உதவி கூடாது. பயிற்றுநர் கருத்துச் சொல்லக்கூடாது. பெற்றோர் ஒரு தையல்கூடப் போடக்கூடாது. ஒரு பிள்ளையின் முகத்தில் தாய் மையிட்டால்கூட மதிப்பெண் குறையலாம். வில்லுப்பாட்டோ முழுக்க முழுக்க மூத்தோர் தந்தது. ஏடு ஆசானிடமிருந்து வந்தது, மெட்டு ஆசானிடமிருந்து வந்தது, எந்தக் கோயிலில் எந்தக் கதையை எப்படி நிறுத்த வேண்டும் என்ற நுட்பமும் அவரிடமிருந்தே வந்தது. ஒரு பக்கம் கொடையாகப் பெற்ற அறிவு, மறுபக்கம் கொடை மறுத்த அறிவு.

ஆனால் முரண்பாட்டின் அடியிலேயே ஒரு பொருத்தம் கிடக்கிறது. ஒடிசியில் நடுவரிடம் அணி கொடுக்கும் தாள்களில் ஒன்று, வெளியார் உதவி பற்றிய உறுதிமொழிப் படிவம். மேடையேறும் முன் ‘இது எங்களுடையது, யாரும் செய்து தரவில்லை’ என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். வில்லுப்பாட்டில் கதை தொடங்கும் முன் குருவடி பாடவேண்டும். ‘இது எங்களுடையது அல்ல, இன்னார் தந்தது’ என்று அவையறியச் சொல்லவேண்டும். சொல்லும் செய்தி நேரெதிர், செயல் ஒன்றே. தன் அறிவு எங்கிருந்து வந்தது என்பதை நேர்மையாக அறிவித்த பிறகே குழுவுக்கு மேடையில் உரிமை கிடைக்கிறது. செலவுக் கணக்குப் படிவத்துக்கு இணையாக நம்மிடம் ஏதும் இல்லை. அதற்குப் பதிலாக, குற்றம் பொறுக்கக் கேட்கும் அவையடக்கம் இருக்கிறது. அதற்கு இணை அங்கே இல்லை.

தோல்வியை இரண்டும் நடத்தும் விதம் வேறு. ஒடிசியில் ‘ரானட்ரா ஃபஸ்கா’ என்றொரு விருது உண்டு. ஒரு நீர்ப்பூச்சியின் பெயர் அது. போட்டியின் தொடக்க காலத்தில் அந்தப் பூச்சியைப் பார்த்துச் செய்த மிதவை ஒன்று வெற்றி பெறவில்லை. ஆனாலும் அந்த யோசனையின் துணிச்சலை விட்டுவிட மனமில்லாமல் விருது ஒன்றை ஏற்படுத்தி, அதற்கு அந்தப் பெயரை வைத்தார்கள். மதிப்பெண் எவ்வளவு குறைந்தாலும் இந்த விருது கிடைக்கலாம். கொடைப் பந்தலில் இத்தகைய சலுகை இல்லை. சாமி இறங்கவில்லை என்றால் பாட்டில் குறை என்று ஊர் பேசும். அடுத்த ஆண்டு வேறு செட்டைக் கூப்பிடும். வரி போட்டுக் கொடை நடத்தும் ஊரே இங்கே நடுவர். இந்த ஓர் இடத்தில் அமெரிக்க ஏற்பாட்டின் பக்கமே என் மனம் சாய்கிறது. பிள்ளைகள் துணிந்து முயல்வதற்கு, தவறினாலும் மதிப்பு உண்டு என்ற உறுதி வேண்டும். அந்த உறுதியை எழுத்தில் வைத்திருப்பது நல்லது.

வில்லுப்பாட்டைக் கொடைக்கு வெளியே கொண்டுபோக முடியாது என்று நினைப்பவர்களுக்கு நம் ஊரிலேயே மறுமொழி இருக்கிறது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லைச் சென்னை மேடைக்கு எடுத்துச் சென்றார். அவரால் ஊக்கம் பெற்ற நெல்லைச் சீமையின் சுப்பு ஆறுமுகம், அரை நூற்றாண்டுக்கு மேல் சமூகக் கதைகளை வில்லில் பாடி, 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். இரவு முழுக்க ஓடிய வடிவம் சில மணி நேரத்துக்குச் சுருங்கியது, பிறகு வானொலிக்கும் தொலைக்காட்சிக்குமான நிமிடங்களாகச் சுருங்கியது. சாமி இல்லாத மேடையிலும் ‘ஆமா’வுக்கு வேலை இருந்தது.

பள்ளிகளிலும் வில்லு இருக்கிறது. ஆண்டு விழாவிலும் விழிப்புணர்வு நிகழ்ச்சியிலும் நெகிழி ஒழிப்பு, டெங்கு, மழைநீர் சேகரிப்பு என்று பிள்ளைகள் பாடுகிறார்கள். தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் மன்றம் நடத்தும் அறிவியல் நாடகப் போட்டியிலும் எட்டுப் பேர் கொண்ட குழு, முப்பது நிமிடம் என்று ஒடிசிக்கு மிக அருகிலான ஒரு களம் நம் மாணவர்களுக்கு இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் நடப்பது என்ன? உரையை ஆசிரியர் எழுதுகிறார். பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். தாளம் பதிவு செய்த இசையிலிருந்து வருகிறது. குடம் காட்சிக்கு வைத்த குடமாக நிற்கிறது. ‘ஆமா’ எந்த இடத்தில் என்றுகூடத் தாளில் குறித்துத் தரப்படுகிறது. ஒரு பிள்ளை ஒரு வரியை விட்டுவிட்டால் மேடை உறைந்துபோகிறது, ஏனென்றால் அடுத்தவருக்குத் தன் வரி மட்டுமே தெரியும். இதில் ஒடிசியின் நேர்மையும் இல்லை, வில்லின் நெகிழ்ச்சியும் இல்லை. ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பரிசுக்குப் பத்து நாள் இருக்கும்போது எவரும் குறுக்குவழியைத்தான் தேடுவார்கள். ஆனாலும் இழப்பு பிள்ளைகளுக்குத்தான்.

ஒடிசியின் விதியில் பலர் கவனிக்காத ஒரு வாசல் இருக்கிறது. பயிற்றுநர் விடையைச் சொல்லக்கூடாது. ஆனால் திறனைக் கற்றுத் தரலாம். தைக்கக் கற்றுக்கொடுக்கலாம், எதைத் தைப்பது என்று சொல்லக்கூடாது. கேள்வி கேட்கலாம், விடை தரக்கூடாது. அந்த வாசல் வழியாக நம் அண்ணாவி தாராளமாக உள்ளே நுழையலாம். அவர் தரும் குருவடி அறிவும், பிள்ளைகள் தாமாகக் காணும் அறிவும் இந்த ஓர் இடத்தில் மோதிக்கொள்வதில்லை.

ஆகவே குமரி மாவட்டத்துப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கொடைக் காலம் தொடங்கிவிட்டால் வில்லு செட்டுகளுக்கு ஓய்வு கிடைக்காது; கார்த்திகை, மார்கழியிலேயே உங்கள் வட்டாரத்து அண்ணாவி ஒருவரை உரிய சம்பளம் கொடுத்துப் பள்ளிக்கு அழையுங்கள். வீசுகோல் பிடிக்கவும், குடம் அடிக்கவும், ஆமா போடவும் அவர் கற்றுத் தரட்டும். எல்லாப் பிள்ளைகளும் முறை மாறி இடப்பக்கம் உட்காரட்டும். கதை என்ன, கருவியில் என்ன மாற்றம், எங்கே நிறுத்துவது என்ற கேள்விகளைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். ஒத்திகையில் யாராவது வரியை மறந்தால் எடுத்துக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளை என்ன செய்கிறது என்று பாருங்கள்.